கால் இருக்கா?

பெரியவளுக்கு விரல் நுனியில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஐஸ் பாக்டரியில் ஐஸ்கட்டிப் பார் இழுக்கிறவர்களுக்குச் சில வருஷத்தில் கை அப்படி ஆகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய டீப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடித்துக்கொண்டு நின்று கதை பேசுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் உடம்பு கூசும். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்க அவள் நெற்றியில் கை வைப்பதில்லை. குனிந்து தன் கன்னத்தை ஒட்டவைத்துப் பார்ப்பாள். கன்னம் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது.

பாக்டரி மீன் இறங்குதுறையை ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி. தரைக்குக் கீழே பெரிய தொட்டி, அது நிறைய உப்புத்தண்ணீர். எவ்வளவு குளிர வைத்தாலும் அந்த உப்புத்தண்ணீர் உறையாது. அதற்குள் இறக்கி வைத்த தகர அச்சுகளில் இருக்கிற நல்ல தண்ணீர்தான் உறைந்து பாராகும். அச்சைத் தூக்கிக் கவிழ்த்தால் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொக்கியால் குத்தி இழுத்து, சாக்கைத் தோளில் போட்டு அதன்மேல் ஏற்றி, நொறுக்கும் மெஷினுக்கோ வேனுக்கோ கொண்டுபோக வேண்டும். படகு வந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. மீன் காத்திருக்காது என்பார் மேஸ்திரி, ஏதோ மீன் அவரிடம் நேரில் வந்து சொன்னமாதிரி.

தரை எப்போதும் ஈரம். ஒருத்தி பாரோடு வழுக்கினால் பக்கத்தில் நிற்பவள் ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாது. அது அங்கே கண்டிப்பான வழக்கம். பிடிக்கப் போனால் பார் இரண்டு பேர் மேலும் விழும். அப்படி இடுப்பு போனவர்கள் உண்டு. அதனால் ஒருத்தி தள்ளாடுவதைக் கண்டால் நின்ற இடத்திலிருந்தே "கால் இருக்கா?" என்று கூவுவார்கள். கால் ஊன்றியிருந்தால் அவள் "இருக்கு" என்பாள். அப்புறம் அவளை அவள் போக்கில் விட்டுவிட வேண்டும். மூன்று தரம் கூவியும் பதில் வராவிட்டால்தான் ஆள் பாயலாம், ஒருத்தி பாரைத் தள்ளிவிட, இன்னொருத்தி ஆளைப் பிடிக்க. புதிதாக வந்த ஒருத்தி விவரம் தெரியாமல் "ரெண்டு இருக்கு" என்று பதில் சொல்லப்போய், அன்றிலிருந்து அவள் பேரே ரெண்டுகாலி ஆகிவிட்டது.

பெரியவளின் அம்மா அங்கே தோள் தேய்ந்து, முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தவள். தங்கையும் அங்கே நொறுக்கும் மெஷினில் நின்றவள்தான். மெலிந்த உடம்பும் நீளக் காலுமாக இருந்ததால் அவளைக் கொக்கு என்று கூப்பிட்டார்கள். பெரியவளின் புருஷன் ஐஸ் வேன் ஓட்டுகிறவர். எதையாவது மறந்துவிட்டுப் போவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் தார்ப்பாய், ஒருநாள் கொக்கி, ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கு. அதைத் தூக்கிக்கொண்டு கொக்கு வேனுக்குப் பின்னால் ஓடுவாள், மீன் சந்தை வரைக்கும். ஓட்டப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே இதை ஒரு வாரம் பார்த்திருக்கிறார். எட்டாம் நாள், அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கவே இல்லையே என்று வேன்காரரிடம் கேட்டிருக்கிறார். அவளோட ஓட்டத்துக்குக் குரு நான்தான் என்று வேன்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். மறதிக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அதெல்லாம் பழைய கதை. தேசத்தின் பேர் போட்ட சட்டை போட்டுக்கொண்டு, உலகத்துப் பெண்களோடு மாரத்தான் ஓடுகிறவளாகிவிட்டாள் கொக்கு. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய பந்தயம்தான் அந்த வீட்டை உலுக்கிப் போட்டது. நல்ல வெயில். ஓடுகிறவர்களுக்கு அவரவர் குப்பியில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பாதையோர மேஜையில் நின்று நீட்ட ஒரு ஆள் வேண்டும். தடகளச் சங்கம் அனுப்பிய ஆள் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்துவிட்டார். கொக்கு வெறுங்கையோடு மேஜையைத் தாண்டிப் போனாள். கடைசிச் சுற்றில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, கால் கோணலாகப் போனது, அப்புறம் ஆளே தரையில். அதை டிவியில் காட்டினார்கள். அம்மா டிவிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்திரு எழுந்திரு என்று முனகிக்கொண்டிருக்கும்போதே படம் போய் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. பெண் இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரிய அன்று சாயங்காலம் ஆனது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தச் சோப்பு வாங்கவே இல்லை.

இந்த வருஷம் மறுபடியும் தேர்வானபோது கொக்கு சங்கத்தில் ஒரே வார்த்தை சொன்னாள். ஒரு மேஜையில் மாஸ்டர் நிற்கட்டும், இன்னொரு மேஜையில் என் அக்கா நிற்கணும். சங்கத்துக்காரர்கள் முணுமுணுத்தாலும் பழைய தப்பு தங்கள் பக்கம் என்பதால் ஒப்புக்கொண்டார்கள்.

செய்தி வந்த அன்று அம்மா அடுப்படியில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். கொக்கு பயிற்சி முடித்து வந்து அவித்த முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் குளிக்க எழுந்து போகும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. போனதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ கூடப் போறது தண்ணி குடுக்க மட்டும் இல்ல. அவ தள்ளாடினா பிடிச்சு உக்கார வை."

"பிடிச்சா பேரை அடிச்சுடுவாங்கம்மா. ஓடிட்டிருக்கிறவளை வெளியாள் தொடக் கூடாது."

"அடிச்சா அடிக்கட்டும். நான் பேரைப் பெத்தேனா, பொண்ணைப் பெத்தேனா?"

வேன்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அத்தை, பதக்கம் வந்தா வேன் முன்னாடி தொங்க விடலாம்னு இருந்தேன்" என்றார், சூட்டைக் குறைக்க.

"உங்க வேனுக்கு முதல்ல ஹாரன் வாங்கித் தொங்கவிடுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா அவர் பக்கம் திரும்பாமலே. பெரியவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு. பிடிப்பியா மாட்டியா?"

பெரியவள் "ம்" என்றாள்.

பந்தயம் வேறொரு தேசத்தில். விமானம், பஸ், அப்புறம் ஒரே மாதிரியான கதவுகள் வரிசையாக இருந்த ஒரு விடுதி. பந்தயத்துக்கு முந்தைய நாள் பின்மதியம் கொக்கு கட்டிலில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்திருந்தாள். பெரியவள் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆடுசதை பார் மாதிரி இறுகியிருந்தது.

"அம்மா உன்கிட்ட என்ன சத்தியம் வாங்கி அனுப்பினாங்க?" என்று கேட்டாள் கொக்கு, கூரையைப் பார்த்தபடி.

"என்ன சத்தியம்? ஒண்ணுமில்லையே."

"உனக்குப் பொய் சொல்லவும் வராதுக்கா, அதை மறைக்கவும் வராது. எண்ணெய் தேய்க்கிற கை அப்படியே நின்னுடுச்சு பாரு."

பெரியவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னைத் தொடாதே" என்றாள் கொக்கு. "விழுந்தாலும் நானே எழுந்திருப்பேன். விழுந்து எழுந்தா அதுவும் ஓட்டம்தான். நீ தொட்டியோ, நான் ஓடவே இல்லைன்னு ஆயிடும். போன தடவையும் முடிக்கல, இந்தத் தடவையும் முடிக்கலன்னா சங்கம் இனி என்னைத் திரும்பிக்கூடப் பாக்காது. எனக்குப் பதக்கம் வேணாம். அந்தக் கோட்டைத் தாண்டணும். சோப்பு விளம்பரத்துக்கு முன்னாடி விழுந்தவளாவே இருந்துட்டுப் போக முடியாது."

பெரியவள் அதற்கும் "ம்" என்றாள். தன்னுடைய வாயில் எத்தனை "ம்" தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் மாஸ்டர் குப்பிகளைக் கலந்து, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புத் துணிநாடாவைச் சுற்றி, பிடிப்பதற்கு ஒரு வளையமும் கட்டி, பெரியவளுடைய மேஜைக்கு உரியவற்றை அவளிடம் கொடுத்தார். பாதை ஒரே சாலையை நாலு சுற்று சுற்றி வருவது. அதனால் அவளிடம் நாலு குப்பி. நல்லா சில்லுனு இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சில்லென்று வைப்பதைப் பற்றி ஐஸ்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் பெரியவள் நினைத்தாள். அங்கேதான் சறுக்கியது. நாளைக்கு வெயில் ஏறும், நாலாவது குப்பி கடைசிச் சுற்று வரைக்கும் குளிர்ச்சி தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். விடுதி அடுப்படியில் கெஞ்சிக் கேட்டு, உறைய வைக்கிற பெட்டியிலேயே நாலையும் வைத்தாள். உள்ளே இருப்பது உப்புத்தண்ணீர், உப்புத்தண்ணீர் உறையாது. அது அவள் வாழ்நாளெல்லாம் கண்ணால் கண்டது. பாக்டரித் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவதையும், குப்பியில் மாஸ்டர் ஒரு சிட்டிகை போட்டதையும் அவள் மனசு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

விடிந்ததும் குப்பிகளை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். பாதையோரம் நீள நீளமாக மேஜைகள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு பங்கு. மேஜைகளுக்குப் பொறுப்பாக வெள்ளைத்தொப்பி போட்ட ஒரு அதிகாரி. நாலையும் வாங்கிப் பார்த்து ஒட்டுச்சீட்டு ஒட்டினார். இனிமேல் என் கண் முன்னாடிதான் இருக்கணும், திறக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னார். பெரியவள் ஒரு குப்பியை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. வாய்வரை நிறைந்த குப்பி கெட்டியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கையைத் தூக்கினாள். அக்கம்பக்கத்து மேஜைகளில் சீருடை போட்ட டாக்டர்களும் பயிற்சிக்காரர்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவில் குப்பியைக் கொஞ்சுகிறமாதிரி கன்னத்தில் வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. கீழே இறக்கிவிட்டாள். மறுபடியும் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள், சந்தைக்குப் போகிற பாரை மூடுகிறமாதிரி, காற்றுப் புகாமல்.

முதல் சுற்றில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேகம் எடுக்க யாருக்கும் துணிவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே ஓடினார்கள். மெல்லிய ரப்பர் அடிகள் தார்ச்சாலையில் படும் சத்தம், பக்கத்து ஊரில் மழை பெய்கிறமாதிரி முதலில் கேட்டு, அப்புறம் மேலேயே கொட்டியது. நடுக்கூட்டத்தில் கொக்கு. முகம் சும்மா இருந்தது. அது நல்ல குறி. பெரியவள் குப்பியின் வளையத்தைப் பிடித்துக் கையை நீட்டினாள். கொக்கு பறித்துக்கொண்டு போனாள்.

நாலு எட்டு போனதும் வாயில் வைத்து அழுத்தினாள். இன்னொரு தரம் அழுத்தினாள். பல்லால் கடித்தாள். ஒரு கணம் குப்பியைப் பார்த்தாள். அப்புறம் தூக்கி ஓரத்தில் எறிந்தாள்.

டொக்.

தண்ணீர்க் குப்பி விழுந்தால் தளக்கென்று கேட்கும். இது வேறு. பார் ஈரத்தரையில் விழுகிற சத்தத்தின் குட்டிச் சத்தம். ஆயிரம் இரைச்சலுக்கு நடுவிலும் பெரியவளுக்கு அது தெரியும். சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சம் மூன்று குப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னம் எரிந்தது. மூன்றும் கல்.

யார் கையால் தண்ணீர் வரவேண்டும் என்று தங்கை சங்கத்தோடு மல்லுக்கட்டினாளோ அந்தக் கை செய்த வேலை இது.

பாதையில் வெறும் தண்ணீர் வேறு மேஜைகளில் கிடைக்கும். மாஸ்டருடைய மேஜையிலும் குப்பி இருக்கும். ஆனால் பாதி உப்பு போச்சு. போன தடவை விழவைத்ததும் இதே பாதிதான். அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் பழக்கமில்லை. குப்பிகளை வெயிலில் வைத்தாள். வெயில் இன்னும் இளசு, அதை நம்பிப் பிரயோசனமில்லை. ஒரு குப்பியை மேஜை விளிம்பில் தட்டப் போனாள். வெள்ளைத்தொப்பி விரலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். உடைக்கக் கூடாது, திறக்கக் கூடாது. சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அவர் கண் முன்னாலேயே சட்டைக்குள் ஒரு குப்பியைப் போட்டு வயிற்றோடு ஒட்டவைத்தாள், இரண்டு அக்குளிலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டாள். விதியில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அடுத்த மேஜைக்காரி, வேறு தேசத்தவள், என்ன விஷயம் என்று புரிந்துகொண்டு தன் துண்டைக் கொண்டுவந்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டுப் போனாள்.

பல வருஷமாக ஐஸோடு கிடந்தவள்தான். ஆனாலும் இப்படி உடம்பில் ஒட்டிவைத்துக்கொண்டு கிடந்ததில்லை. பல் கிட்டித்தது. வயிறு மரத்தது. மரக்கட்டும், உருகினால் போதும் என்று நின்றாள்.

இரண்டாம் சுற்றில் கூட்டம் நீண்டுவிட்டது. முன்னால் போகிறவர்கள் தனியாகப் போய்விட்டார்கள். கொக்கு நடுவில் இருந்தாள், உதடு உலர்ந்திருந்தது. வயிற்றில் வைத்திருந்த குப்பியை நீட்டினாள் பெரியவள். பாதி குழைந்து பாதி கட்டியாக இருந்தது. கொக்கு இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு எறிந்தாள். இந்தத் தடவை சத்தம் இரண்டுங்கெட்டானாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடப் பெரியவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் சுற்றுக்குள் வெயில் சாலையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. ஓடுகிறவர்கள் ஒவ்வொருத்தியாகத் தனித்தனியாக வந்தார்கள். சிலர் நடந்தார்கள். ஒருத்தி ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைகளுக்கு அப்பால் மருத்துவ ஆட்கள் சக்கர நாற்காலியோடு காத்திருந்தார்கள். கொக்கு வரும்போது கன்னமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையடித்தமாதிரி இருந்தது. மூன்றாவது குப்பியில் இருந்தது தண்ணீர், முழுசாகத் தண்ணீர். அவள் மடமடவென்று குடித்தாள். பத்து எட்டு போனதும் குனிந்து, குடித்ததெல்லாம் சாலையில் கொட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள். பெரியவள் அவளுடைய முதுகு வளைவில் மறைகிறவரை பார்த்தாள். கழுத்து இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அம்மா.

"டிவில காட்டினான்" என்றாள் அம்மா. பின்னால் அக்கம்பக்கத்து ஆட்களின் பேச்சும், எல்லோரும் சும்மா இருங்க என்று வேன்காரர் அடக்குவதும் கேட்டது. "கழுத்து சாயுதுடி. போன தடவையும் இப்படித்தான் சாஞ்சது."

"பாக்கறேன்மா."

"பாக்கறதுக்கா உன்னை அனுப்பினேன்? இங்க உக்காந்து நானும்தான் பாக்கறேன்."

பெரியவளுக்கு, குப்பி உறைந்துபோச்சு, நான்தான் உறைய வச்சேன் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது.

"அடுத்த சுத்து வருவா இல்ல?" என்றாள் அம்மா. "வந்தா விடாதே. என்ன நடந்தாலும் பழி என் மேல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். பிடி."

போனைப் பையில் போட்டாள். கடைசிக் குப்பி அக்குளில் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். யார் பார்த்தால் என்ன. நல்ல பதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வளைவையே பார்த்து நின்றாள்.

முதலில் வந்தவர்கள் போனார்கள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் நீளமாக ஒரு வெறுஞ்சாலை. இன்னொருத்தி. மறுபடியும் வெறுஞ்சாலை. பின்னாலிருந்தவர்கள்கூடத் தாண்டிப் போகிறார்கள், கொக்கைக் காணோம். வெள்ளைத்தொப்பி கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எங்கேயோ அந்தப் பக்கம் விழுந்து கிடந்தால்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுந்தால் இரண்டு சத்தியத்தில் எதைக் காப்பாற்றுவது?

வளைவில் கொக்கு வந்தாள்.

ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. இடதுகால் தரையைத் தேய்த்தது. சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்து, மறுபடி நடுவுக்குப் போனாள். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கழுத்து தோளில் சாய்ந்து கிடந்தது. மருத்துவ ஆட்களில் ஒருத்தர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். அடுத்த மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவள் மேஜையோரம் வந்து குப்பியை நீட்டினாள். கொக்கின் கை குப்பிக்கு வராமல் காற்றைத் துழாவியது. ஒரு முழ தூரத்தில் நின்று ஆடினாள். முழங்கால் மடிந்தது.

பெரியவளின் இடதுகை தானாகப் போனது. தோளைப் பிடித்தால் போதும். பிடித்தால் இந்த உடம்பு வீட்டுக்கு வந்து சேரும். அம்மா டிவி முன்னாலிருந்து கொஞ்சமாவது நிம்மதியாக எழுந்திருப்பாள். பிடித்தால், சோப்பு விளம்பரத்துக்கு முன்னால் விழுந்தவள் அப்படியே இருந்துவிடுவாள். கை பாதி வழியில் நின்றது. அவளுக்கே தெரியாமல், அடிவயிற்றிலிருந்து, பாக்டரி மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கிறமாதிரி வந்தது குரல்.

"கால் இருக்கா?"

பதில் இல்லை. கொக்கு ஆடினாள்.

"கொக்கு, கால் இருக்கா?"

பதில் இல்லை. மருத்துவ ஆள் நடக்க ஆரம்பித்துவிட்டார். பெரியவள் குப்பியை மேஜையில் வைத்தாள். இரண்டு கையும் காலியாக வேண்டும், பாய்வதானால் இரண்டு கையும் வேண்டும். மூன்றாம் முறை பதில் வராவிட்டால் ஆள் பாயலாம். அது அவள் போட்ட சட்டமில்லை, அம்மா போட்டதுமில்லை. அந்த ஈரத்தரை போட்ட சட்டம்.

"கால் இருக்கா?"

கொக்கின் கண் கீழே போனது. தன் காலைப் பார்த்தாள். இடதுகாலை இழுத்து வலதுக்கு நேராக வைத்தாள். ஒரு தரம் அழுத்தி ஊன்றினாள், தோளில் பாரம் இருக்கிறவள் ஊன்றுகிறமாதிரி. உதடு ஒட்டிக்கொண்டிருந்ததை நாக்கால் பிரித்தாள்.

"இருக்கு."

பெரியவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கொக்கு தானே மேஜையில் கை ஊன்றாமல் குப்பியை எடுத்தாள். ஒரு வாய். நின்று மூச்சு வாங்கி இன்னொரு வாய். உள்ளே தங்கியது. மருத்துவ ஆள் அவள் முகத்துக்கு எதிரே வந்து ஏதோ கேட்டார், கண்ணைப் பார்த்தார், வழிவிட்டார். குப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் அந்த நடை மெதுவாக ஓட்டமாக மாறியது. வளைவுக்கு அப்பால் போய்விட்டாள்.

பெரியவளால் அவள் பின்னாலேயே போக முடியாது. கடைசி ஆள் தாண்டும்வரை மேஜையை விட்டு நகரக் கூடாது. ஈரச் சாக்கை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். போன் அதிர்ந்தது.

"பிடிச்சியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கூப்பிட்டேன்."

அம்மா அந்தத் தரையில் கால்நூற்றாண்டு நின்றவள்.

"பதில் சொன்னாளா?" என்று கேட்டாள்.

"மூணாவது தடவை சொன்னா."

"சொன்னா விடத்தானே வேணும்" என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்கிறமாதிரி. ஆனால் போனை வைக்கவில்லை. பெரியவளும் வைக்கவில்லை. அங்கே டிவியில் யாரோ என்னவோ பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜெயித்தவளைக் காட்டுகிறான் என்றாள் அம்மா. அவளுக்குக் கொடி போர்த்துகிறான். இன்னும் அவளையேதான் காட்டுகிறான், நம்ம பொண்ணு எங்கடா. விளம்பரம் போடுகிறான் பாவி. பெரியவள் வெறுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு போனைக் காதில் அழுத்தினாள். ஓரத்தில் கிடந்த முதல் குப்பி இப்போதுதான் உருகி, தாரில் சின்ன ஈரத்தடம் விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத்தொப்பி நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார்.

திடீரென்று அந்தப் பக்கம் வேன்காரர் குரல் கேட்டது. அந்த ஓரத்துல பாருங்க, அந்த ஓரத்துல. அப்புறம் வீடே இடிந்து விழுகிறமாதிரி ஒரு கூச்சல்.

"தாண்டிட்டாடி" என்றாள் அம்மா. "கையில குப்பியோட தாண்டிட்டா."

மருத்துவக் கூடாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது. உள்ளே ஐஸும் தண்ணீரும் நிறைந்த ஒரு தொட்டியில் கொக்கைக் கழுத்துவரை இறக்கி வைத்திருந்தார்கள். அணி டாக்டரம்மா பக்கத்தில் நின்று நாடி பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புச் சூடு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது, பயமில்லை என்றார். மாஸ்டர் வெளியே யாரிடமோ, வயிறு சரியில்லை, அதான் ஓட்டம் கெட்டுப்போச்சு என்று விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது. பெரியவள் தொட்டியருகே முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

கொக்கு கண்ணைத் திறந்தாள். "ஐஸ் சரியில்லக்கா. பொடிப்பொடியா இருக்கு. நம்ம மேஸ்திரி பாத்தா திருப்பி அனுப்பிடுவாரு."

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் குப்பி..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். கடிச்சதுமே தெரிஞ்சுது, நம்ம வீட்டு வேலைன்னு" என்றாள் கொக்கு. கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மாஸ்டர்கிட்ட சொல்லாதே. பழி வயித்து மேலயே இருக்கட்டும்."

பையில் போன் இன்னும் துண்டிக்காமலே இருந்திருக்கிறது. எடுத்துக் காதில் வைத்தாள். அம்மா இன்னும் இருந்தாள். "சூடு இருக்கா பாரு. அவங்க சொல்றதெல்லாம் எனக்கு வேணாம். நீ தொட்டுப் பாத்துச் சொல்லு."

இப்போது தொடலாம். கோட்டைத் தாண்டியவளை யார் தொட்டாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெரியவள் ஈரக் கையைத் தங்கையின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். குனிந்தாள். டாக்டரம்மாவும் மருத்துவ ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, தன் கன்னத்தை அந்த நெற்றியில் ஒட்டவைத்து, அவசரப்படாமல், அப்படியே இருந்தாள்.

"ஆறிடுச்சும்மா" என்றாள் போனில்.